நான் ஊதிய மூச்சு

முதலில் மூக்கில் நீர் வடிந்தது. அவ்வளவுதான். காய்ச்சல் இல்லை, உடம்பு வலி இல்லை. மழை மாதம். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்குகிற எங்களுக்கு மழை மாதத்தில் மூக்கு ஒழுகுவது புதிது இல்லை. துண்டு முனையில் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

ஒரு வாரம் போனது. பிறகு இருமல் வந்தது.

நான் இருமாத ஆள் இல்லை. இந்த இருமல் வேறு. ஒன்று முடிவதற்குள் அடுத்தது வரும். நடுவில் மூச்சு இழுக்க இடம் கொடுக்காது. உள்ளே இருக்கிற காற்றெல்லாம் தீர்ந்து, கண்ணில் நீர் வந்து, முகம் இரத்தம் கட்டினதுபோல் ஆகும். கடைசியில் ஒரு மூச்சு உள்ளே போகும். தண்ணீர் நின்றுபோன குழாய் காற்றை இழுக்குமே, அந்தச் சத்தம். அதோடு வாந்தியும் வரும். வாந்தி எடுத்ததும் நின்றுவிடும்.

இருமாத நேரத்தில் நான் நன்றாக இருந்தேன். இதை நினைவில் வையுங்கள். எல்லாரும் ஏமாந்தது அங்கேதான். நன்றாக இருக்கிறவளை யார் நோயாளி என்று சொல்வார்கள்?

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது, எண்பத்தைந்தில். மலேசியாவில் அசாம் ஜாவா என்கிற ஊரிலிருந்து உள்ளே போகிற தோட்டம் எங்களுடையது. ரப்பரை வெட்டிச் செம்பனை போட்டுச் சில வருடங்கள் ஆகியிருந்தன. என் பிள்ளைகள் வளர்ந்து ராவாங்குக்குத் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டார்கள். லயத்து வீட்டில் (தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடு) நானும் வீட்டுக்காரரும்தான்.

காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு முன் பெயர் கூப்பிட்டு ஆள் எடுக்கும் இடம்) போய் நிற்போம். ஒரு நாள் வேலை வாங்குகிற மண்டோர் என் பெயரைக் கூப்பிட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். இருமல் வந்தது.

பக்கத்தில் நின்ற அஞ்சலை சொன்னாள். "என்னா பாக்கியம், பேரு கூப்புட்டா இருக்கேன்னு சொல்லு லா. இருமிக் காட்டுற. மண்டோரு பயந்துறப் போறாரு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு மறுபடி இருமலைக் கொண்டுவந்தது. அந்த இருமலில் என் கைலி நனைந்தது. காலோடு இறங்கியது. அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. எல்லார் கைலியும் ஈரம். யாருக்கும் தெரியவில்லை.

இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் இதே இருமலோடு இதைப் படிக்கிற ஒருத்தி இருப்பாள். தன் உடம்பு மட்டும்தான் இப்படிக் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டு இருப்பாள். கடுமையாக இருமும்போது சிறுநீர் கசிவது பெண்களுக்கு நடக்கிற காரியம். பிள்ளை பெற்றவர்களுக்கு அதிகம் நடக்கும். டாக்டர்கள் இதைப் பலமுறை பார்த்திருக்கிறார்கள். எனக்கு அது அப்போது தெரியாது. பழைய துணியை மடித்துக் கட்டிக்கொண்டேன். கறுப்புக் கைலிக்கு மாறினேன். வரிசையில் கடைசியில் நின்றேன். இருமல் வருகிறது என்று நெஞ்சில் தெரிந்த உடனே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்விடுவேன்.

தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொள்கிறவரை டிரஸர் என்போம். அவர் என் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார்.

"வெத்தல போடுவியா?"

"போடுவேங்கய்யா."

"அத விடு."

மண்நிற மருந்து ஒரு போத்தல் கொடுத்தார். குடித்தேன். வெற்றிலையையும் விட்டேன். இருமல் விடவில்லை.

லயத்தில் பேச்சு வந்தது. சயம் என்றார்கள். சயரோகம், காசநோய், டீபீ, எல்லாம் ஒன்றுதான். நேரே யாரும் சொல்லவில்லை. குழாயடியில் நான் தண்ணீர் பிடித்துவிட்டு நகர்ந்த பிறகு குழாய் வாயைச் சாம்பல் போட்டுத் தேய்த்தார்கள். நான் திரும்பிப் பார்த்தால் கையை எடுத்துக்கொள்வார்கள்.

டிரஸர் கடிதம் கொடுத்து எக்ஸ்ரே எடுக்க அனுப்பினார். பஸ் ஏறி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூச்சைப் பிடித்து நிற்கச் சொன்னார்கள். பிடிக்க முடியாமல் இருமி, மறுபடி நின்று, ஒரு வழியாகப் படம் எடுத்தார்கள். நெஞ்சு சுத்தம் என்றார்கள். சயம் இல்லை.

படத்தைப் பெரிய பழுப்பு உறையில் போட்டுக் கொடுத்தார்கள். திரும்பி வந்தபோது அதைச் சுருட்டி அக்குளில் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. எல்லாருக்கும் தெரிகிற மாதிரி முன்னால் பிடித்துக்கொண்டு லயத்துக்குள் நடந்தேன். அஞ்சலை வீட்டு வாசலில் நின்றேன்.

"படம் பாத்தாச்சு. சுத்தம்."

"நா ஒண்ணும் சொல்லலையே" என்றாள் அவள்.

"யாரோ சொன்னாங்க" என்றேன்.

அந்த நடையை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். லயத்தில் பிறக்கிற பிள்ளைகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவள் நான். கூலி வாங்குவதில்லை. கை பழகியிருந்தது, கூப்பிட்டார்கள், போனேன். காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் கணுக்காலுக்கு மேலே கிடத்தி, எண்ணெய் தேய்த்து, கை கால் நீவி, இளஞ்சூட்டில் தண்ணீர் ஊற்றுவேன். கடைசியில் காதிலும் மூக்கிலும் ஊதுவேன். உள்ளே போன தண்ணீர் வெளியே வரட்டும் என்று ஊதுவது. மூக்கில் சளி இருந்தால் வாயை வைத்து உறிஞ்சித் துப்புவேன். எனக்கு அப்படித்தான் செய்தார்கள். என் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் செய்தேன். ஊதாமல் எடுத்தால் குளிப்பாட்டி முடித்ததாக எங்களில் யாருக்கும் தோன்றாது.

மூன்று வீடு தள்ளிக் கமலா இருந்தாள். புருஷன் சேகர் டிராக்டர் ஓட்டுகிறவன். தலைப்பிள்ளை, பெண். கமலாவின் அம்மா கெடாவில் படுக்கையாகக் கிடந்தார். துணைக்கு வர ஆள் இல்லை. தொப்புள் கொடி விழுந்த நாளிலிருந்து நான்தான் பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றினேன். சயம் என்று பேச்சு வந்ததும் நானாகவே நின்றுகொண்டேன். படம் சுத்தம் என்றதும் நானாகவே போனேன்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போது கமலா கேட்டாள்.

"இருமல் போயிருச்சாக்கா?"

"படம் எடுத்துப் பாத்தாச்சு. ஒண்ணுமில்ல."

"வந்தீங்களே. எனக்குக் கை நடுங்குதுக்கா. சோப்பு போட்டா வழுக்கிட்டுப் போவுது."

அவள் கேட்டது இருமலை. நான் சொன்னது படத்தை. இரண்டும் ஒன்று என்றுதான் அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன்.

பிள்ளையைக் காலில் போட்டேன். நடுவில் ஒருமுறை இருமல் வந்தது. முகத்தைத் தோளுக்குத் திருப்பி இருமினேன். பிள்ளைமேல் படவில்லை என்று நினைத்தேன். தண்ணீர் ஊற்றி முடித்தேன். பிறகு குனிந்து, அதே வாயால், மூக்கில் ஊதினேன். அது முகத்தைச் சுளித்துத் தும்மியது. நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். அடுத்த சில நாளும் அப்படியே நடந்தது. அந்த வாரம் இன்னும் இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஊற்றினேன்.

கமலா பிள்ளைக்கு மூக்கு அடைத்தது. பால் குடிக்கும்போது விட்டு விட்டுக் குடித்தது. எனக்கு வந்த சத்தம் அதற்கு வரவில்லை. லேசாக இரண்டு மூன்று இருமல், அவ்வளவுதான். பிறகு சத்தமே இல்லை. சத்தம் இல்லாததுதான் பயம் என்று அப்போது யாருக்குத் தெரியும். ஒரு நாள் மத்தியானம் கமலா கத்தினாள். ஓடினேன். பிள்ளையின் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. கண் திறந்திருந்தது. நெஞ்சு அசையவில்லை.

நான் அதைக் கவிழ்த்து முதுகில் தட்டினேன். இழுத்துக்கொண்டது. நிறம் திரும்பியது.

தோட்டத்து வேன் வந்தது. "நீங்களும் வாங்கக்கா" என்றாள் கமலா. வழியெல்லாம் பிள்ளை என் மடியில்தான் இருந்தது.

டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்ன வயதுப் பெண். ஈப்போ பக்கத்துத் தமிழ்ப் பெண். பிள்ளையை உள்ளே வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். சேகர் சுவரோரமாக நின்றான். கமலா பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் அவள் பக்கத்தில் நின்றேன். அந்த நடைகூடத்தில் பத்திருபது பேர் காத்திருந்தார்கள். பளபளவென்று கழுவி விட்ட தரை.

நெஞ்சில் அது தெரிந்தது. ஒளிந்து நிற்கத் தொட்டி இல்லை.

இருமினேன். சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினேன். அதுவரை வந்ததிலேயே அதுதான் பெரியது. கட்டியிருந்த துணி போதவில்லை. காலைச் சுற்றித் தரையில் தேங்கியது. கடைசியில் அந்தக் குழாய்ச் சத்தம் வந்தது. எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு சீனக் கிழவர் காலைத் தூக்கி நகர்த்தி வைத்துக்கொண்டார்.

கதவு திறந்தது. டாக்டரம்மா வெளியே வந்தார்.

"யாரும்மா இப்ப இருமுனது?"

நான் கையைத் தூக்கினேன். பள்ளிக்கூடத்தில் தூக்குவதுபோல.

அவர் என் முகத்தைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். "அப்படியே நில்லுங்கம்மா. வழுக்கும்" என்றார். துடைக்க ஆளைக் கூப்பிட்டார். என் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். கமலாவையும் வரச்சொன்னார்.

"எத்தன நாளா இருமல்?"

"மூணு வாரம் இருக்கும் டாக்டரம்மா. எக்ஸ்ரே எடுத்தாச்சு. சுத்தம்னுட்டாங்க."

"எக்ஸ்ரேல சுத்தம்னா காசம் இல்லன்னு அர்த்தம். இருமல்ல ஒண்ணுமில்லன்னு அர்த்தம் இல்லம்மா."

பிறகு கமலாவிடம் கேட்டார். "குழந்தைய யாரு குளிப்பாட்டுறது?"

கமலா என்னைக் காட்டவில்லை. தரையைப் பார்த்தாள்.

"நான்தான்" என்றேன்.

"மூக்குல ஊதுவீங்களா?"

"ஊதுவேன். சளி இருந்தா உறிஞ்சுவேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. திட்டியிருந்தால் பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

அவர் சொன்ன பெயர் கக்குவான் இருமல் (மூச்சுக்குழாயில் ஒட்டிக்கொள்ளும் ஒரு கிருமியால் வருவது; இருமும்போது தெறிக்கிற துளியில் பரவும்). சின்னப் பிள்ளைகளுக்கு வருவது என்றுதான் நான் கேள்விப்பட்டிருந்தேன். பெரியவர்களுக்கும் வரும் என்றார். சின்ன வயதில் வந்து போயிருந்தாலும் அந்த எதிர்ப்பு நாளாக நாளாகக் குறைந்துவிடுமாம். பெரியவர்களை இருமவைத்து வாட்டும், ஆனால் கொல்வது அபூர்வம். பால்குடிப் பிள்ளைக்கு இருமக்கூட வலு இருக்காது. மூச்சே நின்றுவிடும்.

"தரையில ஆச்சே, அதுவும் அந்த இருமலோட வேலதான்" என்று மெல்லச் சொன்னார். "வெக்கப்படாதீங்க." அந்த வெட்கம் எனக்கு அப்போதே போய்விட்டிருந்தது. அதைவிடப் பெரியது வந்து உட்கார்ந்துவிட்டது.

"எனக்கு ஒரு ஊசி போட்டுருங்க டாக்டரம்மா. புள்ளைக்கும் போடுங்க" என்றேன்.

"ஒங்களுக்கு அந்த ஊசி கெடையாதும்மா. அது சின்னப் புள்ளைங்களுக்கு. முத்தடுப்பு ஊசின்னு கேள்விப்பட்டிருப்பீங்க. மூணாம் மாசத்துல தொடங்கி வரிசையா போடறது. பெரியவங்களுக்குப் போடறதில்ல."

"அப்ப புள்ளைக்காவது."

"இதுக்கு இன்னும் மூணு மாசம் ஆவல. போட்டாலும் வந்துட்ட நோய அது போக்காது. நோய் வர்றதுக்கு முன்னாடி போடறதுதான் தடுப்பூசி."

கமலா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "அப்ப ஊசி போட முடியாத புள்ளைய யாருதான் காப்பாத்தறது?"

"சுத்தி இருக்கறவங்க" என்றார் டாக்டரம்மா. "பெரிய புள்ளைங்களுக்கு எல்லா ஊசியும் போட்டிருந்தா, இருமுறவங்க கைக்குழந்தைகிட்ட வராம இருந்தா, இந்தப் புள்ள வரைக்கும் வந்து சேராது."

பிறகு என் பக்கம் திரும்பினார். "வேற யாரு புள்ளைங்களக் குளிப்பாட்டுனீங்க?"

இரண்டு பெயரைச் சொன்னேன். என் வாயால் சொன்னேன். அந்த வீடுகளுக்கும், கமலாவுக்கும், சேகருக்கும், என் வீட்டுக்காரருக்கும் மருந்து கொடுத்தார்கள். நோய் வெளியே தெரியும் முன் கொடுத்தால் தடுக்க வாய்ப்பு உண்டாம். எனக்கும் எரித்ரோமைசின் (கிருமியைக் கொல்லும் மாத்திரை) கொடுத்தார்கள். ஐந்து நாள் ஒழுங்காகச் சாப்பிட்டால் என்னிடமிருந்து யாருக்கும் பரவாது என்றார். ஆனால் நிறுத்தாமல் எல்லா மாத்திரையையும் முடிக்க வேண்டும். கிருமி போனாலும் இருமல் மாதக்கணக்கில் இருக்கும். அதைக் கண்டு பயப்படக் கூடாது.

பிள்ளையைக் கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். ஆம்புலன்ஸில் கமலா ஏறினாள். இந்த முறை என்னை வாங்கக்கா என்று சொல்லவில்லை. நான் நடையில் நின்றேன்.

வீட்டுக்குள் அடைந்து கிடந்தேன். வீட்டுக்காரர் சோறு ஆக்கினார். உப்பு அதிகம் போட்டார். அப்படியே தின்றேன்.

"வேலைக்கி நா சொல்லிட்டேன்" என்றார். "அஞ்சு நாளுன்னா அஞ்சு நாளு. உள்ளயே கெட."

"லயத்துல என்னா பேசிக்கிறாங்க?"

"பேசுறாங்க."

அவ்வளவுதான் சொன்னார். அன்று மாலை பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். நான் ஒளித்து வைத்திருந்த அழுக்குத் துணியெல்லாம் துவைத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. தன் சட்டையைக்கூடத் துவைக்காத மனிதர். என்ன துணி, எதற்கு என்று கேட்கவில்லை. தெருவுக்குத் தெரியாமல் முன்னால் ஒரு சாக்கைத் தொங்கவிட்டிருந்தார்.

சேகர் ஒருநாள் வந்தான். வாசலுக்கு வெளியே நின்றான். நான் கதவுக்கு உள்ளே நின்றேன். வாயில் துண்டைக் கட்டியிருந்தேன்.

"மூச்சு நின்னு நின்னு வருதுக்கா. கமலா புள்ளையோட உள்ளங்கால சுண்டிக்கிட்டே இருக்கா. சுண்டுனா இழுக்குதாம். பாலு குழாய் வழியா போவுது."

நான் துண்டை இன்னும் இறுக்கிக் கட்டினேன்.

"நீங்க வேணுமின்னு செய்யல. அது எனக்குத் தெரியும்."

போகத் திரும்பினான்.

"ஆனா ஒங்க மூஞ்சியப் பாக்க முடியலக்கா."

போய்விட்டான். அவன் சொன்னதில் பிழை இல்லை. எனக்கே கண்ணாடியில் பார்க்க முடியவில்லை.

கிராமத்துக் கிளினிக்கிலிருந்து மிஸி வந்தார். நர்ஸை நாங்கள் மிஸி என்போம். மலாய்ப் பெண். எங்கள் தோட்டத்துக்கே வந்து வந்து தமிழ் கற்றுக்கொண்டவர். ஆயக்கொட்டகையில் (தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விடும் கூடம்) யார் யார் ஊசி போட்டார்கள், யார் விட்டார்கள் என்று பார்த்தார். பாதிப் பிள்ளைகளுக்கு முதல் ஊசியோடு நின்றுபோயிருந்தது.

ஏன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஊசி போட்டால் அன்று பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கும், தொடை வீங்கும். காய்ச்சல் பிள்ளையை ஆயா எடுக்க மாட்டாள். தாய் வேலைக்குப் போக முடியாது. அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவார்கள். வீங்கின தொடையில் எண்ணெய் தேய்க்க முடியவில்லை, அடுத்த மாதம் போட்டுக்கொள் என்று நானும் சிலரிடம் சொன்னதுண்டு.

என் ஐந்து நாள் முடிந்திருந்தது. மிஸி ஐஸ் பெட்டியோடு ஆயக்கொட்டகைக்கு வந்த அன்று என்னையும் வரச் சொன்னார்.

"நா எதுக்கு மிஸி?"

"நீ சொன்னா கேப்பாங்க. நா சொன்னா தலைய மட்டும் ஆட்டுறாங்க."

"இப்ப நா சொன்னா யாரு கேப்பா?"

"வா லா" என்றார்.

போனேன். கொட்டகைக்கு வெளியே, தூணோரம் நின்றேன். தாய்மார் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்கள். என்னைப் பார்த்ததும் பிள்ளைகளை மறுபக்கத்து இடுப்புக்கு மாற்றினார்கள். செய்ததே தெரியாமல் செய்தார்கள்.

அஞ்சலைதான் பேசினாள். அவளுக்கு ஒரு வயதுப் பையன், கடைக்குட்டி. "மிஸி, போன வாட்டி போட்டதுக்கே புள்ள ராத்திரி பூரா கத்துச்சு. ஆயா எடுக்கல. எனக்குப் பதிலா பழம் பொறுக்க ஒங்க ஆஸ்பத்திரி ஆளு அனுப்புமா?"

"காய்ச்சல் ரெண்டு நாளு லா, அம்மா. இருமல் மூணு மாசம்."

"இருமல் யாருக்குத்தான் வரல?"

கூட்டம் லேசாகச் சிரித்தது. ஒருத்தி திரும்பி நடக்கவே ஆரம்பித்தாள்.

நெஞ்சில் அது தெரிந்தது. தொட்டி பக்கத்தில்தான் இருந்தது. கால் தானாக அந்தப் பக்கம் திரும்பியது. இரண்டடி வைத்தேன். கமலா பிள்ளையின் உள்ளங்காலைச் சுண்டிக்கொண்டே இருக்கிறாள் என்று சேகர் சொன்னது ஞாபகம் வந்தது.

அன்று நான் தொட்டிக்குப் பின்னால் போகவில்லை. திரும்பி வந்து தூணைப் பிடித்துக்கொண்டேன். வாயில் துண்டை வைத்துக்கொண்டு, எல்லாரும் பார்க்க, இருமினேன். எத்தனை முறை என்று தெரியாது. மூச்சு தீர்ந்தது. கண் இருட்டியது. முட்டி மடிந்து தரையில் உட்கார்ந்தேன். குழாய்ச் சத்தம் வந்தது. வாந்தி வந்தது. அன்று மழை இல்லை. கைலி நனைந்தது எல்லாருக்கும் தெரிந்தது. ஆயக்கொட்டகைப் பிள்ளைகள்கூட அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

மூச்சு வந்ததும் சொன்னேன். "எனக்கே இப்படின்னா, அந்தப் புள்ளைய நெனைச்சுப் பாருங்க. அதுக்கு இருமவே தெம்பில்ல. போடுங்கடி. அடுத்த மாசம் போடலாம்னு நா சொல்லியிருந்தா அது தப்பு."

அஞ்சலை தன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து என் மடியில் போட்டாள்.

"கட்டிக்க" என்றாள். பிறகு மிஸியிடம் போய்ப் பையனின் காற்சட்டையை இறக்கினாள். "எந்தத் தொட வேணும், சொல்லுங்க மிஸி. இவன் ஒதைப்பான், பாத்துக்குங்க."

வரிசை நின்றது. ஆயாவும் ஒத்துக்கொண்டாள், ஊசிக் காய்ச்சலோடு வருகிற பிள்ளையை ஒரு ஓரமாகப் படுக்கவைக்கிறேன் என்று. மிஸியின் பெட்டியில் மருந்து தீர்ந்து, மறுநாளும் வந்தார்.

இதை நான் செய்த நல்ல காரியம் என்று எழுதவில்லை. அவமானப்பட்டேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பல நாள் தலை நிமிர்ந்து பெரட்டுக்குப் போனதில்லை. ஆனால் அந்த இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒன்றும் வரவில்லை. அஞ்சலை பையனுக்கும் வரவில்லை. லயத்தில் வேறு யாருக்கும் வரவில்லை.

கமலா பிள்ளை ஒரு மாதத்துக்கு மேல் கிள்ளானில் கிடந்தது. மூச்சு நிற்பது குறைந்தது. பிறகு நிற்பதே இல்லாமல் போனது. வீட்டுக்கு வந்தபோது பிறந்த அன்று இருந்ததைவிடச் சின்னதாகத் தெரிந்தது என்று வீட்டுக்காரர் பார்த்துவிட்டு வந்து சொன்னார். நான் போகவில்லை. பிள்ளை பிறந்த முப்பதாம் நாள் போட வேண்டிய படையல் தள்ளிப்போயிருந்தது, அதை அப்போதுதான் போட்டார்கள். கவிதா என்று பெயர் வைத்தார்கள். எனக்கும் சொல்லி அனுப்பினார்கள். வாசல் வரை போனேன். உள்ளே போகாமல், பிள்ளைக்குக் கொண்டுபோன புதுத்துணியை வாசற்படியில் வைத்துவிட்டு வந்தேன்.

இரண்டு நாள் கழித்துக் கமலா தன் வீட்டுப் பின்வாசலிலிருந்து கூப்பிட்டாள். பிள்ளை அவள் காலில் கிடந்தது. அவளே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா. காதுல தண்ணி போயிருச்சு. என்னா செய்ய?"

மூன்று வீட்டுத் தூரத்திலிருந்து சொன்னேன். "மெல்லிசுத் துணிய எடுத்து வெளியில ஒத்து. ஒருபக்கமா சாச்சுப் புடி, தானா வரும். ஊதாத."

"ஊதமாட்டேன்" என்றாள்.

அதன்பிறகு நான் எந்தப் பிள்ளைக்கும் தண்ணீர் ஊற்றவில்லை. கூப்பிட்டார்கள். போய் உட்கார்ந்து, தாயையே ஊற்றவைத்துச் சொல்லிக்கொடுத்துவிட்டு வருவேன். மூக்கில் ஊத வேண்டாம், வாய் வைக்க வேண்டாம் என்பேன். இருமுகிற ஆள் யாராக இருந்தாலும், மாமியாராக இருந்தாலும், வாசலோடு நிற்கச் சொல் என்பேன். மூன்றாம் மாதம் ஊசி, விடாதே என்பேன். சொல்லும்போது தாயின் முகத்தைப் பார்க்கமாட்டேன்.

இருமல் எனக்கு மூன்று மாதம் இருந்தது. நின்றுபோனது என்று நினைத்த பிறகும் ஒவ்வொரு சளிக்கும் அதே சத்தத்தோடு திரும்பி வந்தது. அது மறுபடி நோய் இல்லை, மூச்சுக்குழாய் இன்னும் ஆறவில்லை என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். சிறுநீர்க் கசிவு குறைந்தது, முழுதாகப் போகவில்லை. பாரம் தூக்கினால் வரும், சிரித்தால் வரும். மடித்த துணி இன்னும் உண்டு. பழகிவிட்டது.

பழகாதது ஒன்று இருக்கிறது. என் மூச்சு எங்கே போய் விழுகிறது என்று பார்க்கிற பழக்கம். யாராவது எதிரே நின்று பேசினால் வாயை மூடித் தள்ளி நிற்கிறேன். அடுப்பை ஊதுவதில்லை, அட்டையால் விசிறுகிறேன். எங்கோ ஒரு பிள்ளை இருமினால் கை வேலை நின்றுவிடும். அடுத்த மூச்சை அது இழுக்கிற வரைக்கும் நானும் இழுப்பதில்லை. அந்தக் கொஞ்ச நேரம் அவ்வளவு நீளம்.

கவிதா இப்போது ஓடுகிறாள். மூன்று வீடும் அவளுக்கு ஒரே வீடு. நேற்று கமலா பேச வந்தாள். தேத்தண்ணி போட்டேன். கவிதாவுக்கும் பால் கலந்து ஒரு குவளை கொடுத்தேன். உதட்டில் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"சுடுது. ஊது பெரிம்மா."

கமலா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "ஊதிக் குடுங்கக்கா" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். ஒன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு சொல்லவில்லை.

நான் இன்னொரு குவளையை எடுத்தேன். இதிலிருந்து அதற்கும், அதிலிருந்து இதற்கும் ஊற்றி ஆற்றினேன். கவிதா என் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஊதியிருந்தால் சீக்கிரம் ஆறியிருக்கும். அவள் பொறுமையில்லாமல் காலை உதைத்தாள். நான் வாயை மூடிக்கொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தேன்.